மூன்றாம் எண் இலை

நவம்பர் 9, ஞாயிறு

இந்த நோட்டு இயற்கை உணவு முகாமில் கொடுத்தது. அட்டையில் 'என் உணவு, என் உண்மை' என்று அச்சடித்திருக்கிறது. தினமும் என்ன சாப்பிட்டோம், சாப்பிடும்போது மனத்தில் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டுமாம். பதினைந்தாம் நாள் முகாமை நடத்தும் ஆசான் படித்துப் பார்த்து மதிப்பெண் போடுவார். நாற்பத்தொன்பது வயதில் மறுபடியும் எனக்கு மதிப்பெண்! பழைய மதிப்பெண்களே போதும் சாமி.

சரி, உண்மை. பெயர் அருணகிரி. ஊர் விருதுநகர். தொழில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எடை தொண்ணூற்று நாலு கிலோ. கூட வந்திருப்பவள் என் மனைவி தில்லைநாயகி, எடை ஐம்பத்திரண்டு கிலோ. எடை குறைய வேண்டியது எனக்கு, சர்க்கரை குறைய வேண்டியது அவளுக்கு. ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். வத்தலக்குண்டிலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம் குலுங்கி இந்த மலை முகாமுக்கு வந்து சேர்ந்தோம். பணம் கட்டிப் பட்டினி கிடக்க ஆறு பேர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள்.

காலை: வெண்பூசணிச் சாறு. மதியம்: தினைக் கஞ்சி. இரவு: பப்பாளி, நான்கு துண்டு. மனத்தில் ஓடியது: பரோட்டா.

அறிமுகக் கூட்டத்தில் என் முறை வரும் முன்பே தில்லை எழுந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் எம்எஸ்ஸி பாட்டனிங்க. இன்சூரன்ஸ் சும்மா பொழப்புக்கு" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 10, திங்கள்

பூசணிச் சாறு. கஞ்சி. பப்பாளி. எழுத வேறொன்றும் இல்லை, பசிக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

விடிகாலையிலிருந்து அடைமழை. மதுரையில் ஏதோ சொற்பொழிவு என்று ஆசான் ஏழு மணிக்கே ஜீப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பதினொரு மணிக்குப் பெரிய சத்தம். குடை பிடித்துப் போய்ப் பார்த்தோம். முகாமுக்கு வரும் பாதையில் மூன்றாவது வளைவு இருந்த இடத்தில் வளைவைக் காணோம். மண்ணும் பாறையும் மரமுமாகச் சரிந்து, நடுவில் ஓடை ஓடுகிறது. கரண்ட் போனது. செல்போன் டவரும் போனது.

ஆசான் தப்பித்துவிட்டார். மனிதருக்கு ஞானம் இருக்கிறது என்று அப்போதுதான் நம்பினேன்.

நவம்பர் 12, புதன்

இங்கே காய்கறி, பழம் எல்லாம் அன்றாடம் ஜீப்பில் வருவது. இருப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ரிட்டயர்டு கணக்கு டீச்சர் தங்கபுஷ்பம் அம்மாள் சமையற்கட்டில் நுழைந்து கணக்கெடுத்தார். தினை மூன்று கிலோ, வெல்லம் ஒரு அச்சு, புளி, மிளகு, சீரகம், உப்பு, கொஞ்சம் எண்ணெய். ஆள் ஒன்பது பேர், சமையல்காரர் கோமதிநாயகத்தையும் சேர்த்து. கோமதிநாயகம் சங்கரன்கோவில்காரர். முப்பது வருடம் கல்யாண வீடுகளில் ஆயிரம் இலைக்குச் சமைத்த கை. வயதான காலத்தில் மலைக் காற்று நல்லது என்று இங்கே வந்து பூசணிக்காய் பிழிந்துகொண்டிருக்கிறார்.

"மூணு கிலோவுக்கு நான் உலையே வச்சதில்ல அண்ணாச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். புகையாக இருக்கலாம்.

தோட்டத்து ஓரத்தில் மிளகுக்கொடி ஏற்றிய இரண்டு மரங்களில் கொஞ்சம் இலை இருந்தது. டீச்சர் தண்டு முள்ளைத் தொட்டுப் பார்த்து, "கல்யாண முருங்கைதான தம்பி இது?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கேட்டிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. "உங்களுக்குத் தெரியாததா" என்று வேறு சொன்னார்.

தில்லை காலையில் மாத்திரை போட்டாள். பாதி தம்ளர் கஞ்சிதான் குடித்திருந்தாள். "சாப்பாடு இல்லாம அதைப் போடாதே, சர்க்கரை அடியோட எறங்கிடும்" என்றேன். "நீங்க டாக்டரா? எம்டி படிச்ச மனுசன் ஒரு வேளைகூட விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றாள். பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருப்பவர் எது சொன்னாலும் தில்லைக்கு வேதவாக்கு. அந்தக் குணத்தால் அதிகம் பலனடைந்தவன் நான்தான். குறை சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 13, வியாழன்

கல்யாண முருங்கை இரண்டும் மொட்டை. மழை விடவில்லை. கஞ்சியில் தினையைத் தேட வேண்டியிருக்கிறது.

காலையில் குளிக்கப் போகும்போது தில்லை சுவரைப் பிடித்துக்கொண்டாள். கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்வை. ஒரு துண்டு வெல்லம் கொடுத்ததும் சரியானது. வெல்லத்தில் பாதி இப்படியே போய்விட்டது. அவள் வயிற்றில் ஏதாவது நின்றால்தான் மாத்திரை அவளைச் சாய்க்காமல் இருக்கும். எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

மதியம் கூட்டம் போட்டோம். அரிசி மில் முதலாளி செண்பகமூர்த்தி, நூற்றிருபது கிலோ, நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "சுத்தி எத்தனை மரம்! குரங்கு திங்குது, நாம தின்னா என்ன?" டீச்சர் வேண்டாம் என்றார். எதில் விஷம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார்.

அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். "இவர் இருக்கறப்ப நமக்கென்ன பயம்? பார்த்தவுடனே பேரு சொல்லிருவாரு."

எட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின.

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. (தாவரவியல்) என்று போட்டிருக்கிறது. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் என் அப்பா அச்சகத்தில் எழுதிக் கொடுத்தது. அச்சில் வந்ததை மறுக்க நான் யார்? அதற்கு மேல் இந்த நோட்டில் எழுத இப்போது இஷ்டமில்லை. ஆசான் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளட்டும்.

"பார்த்துச் சொல்றேன்" என்றேன். பார்த்தேன். எல்லா மரமும் பச்சையாக இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

எப்போதோ பஸ் ஸ்டாண்டில் சுண்டல் மடித்துக் கொடுத்த பழைய பத்திரிகைத் தாளில் ஒரு பட்டாளத்துக்காரர் எழுதியிருந்தார். காட்டில் மாட்டிக்கொண்டால் இலையை எப்படிச் சோதிப்பது என்று. முதலில் முழங்கை மடிப்பில் தேய்த்துக் காத்திருக்க வேண்டும். அரிப்பு இல்லையென்றால் உதட்டில் தொட வேண்டும். பிறகு நாக்கில். பிறகு வேகவைத்து ஒரு வாய். ஒவ்வொரு படிக்கும் எட்டு மணி நேரம். இது எவ்வளவு தூரம் சரி என்று தெரியாது. சுண்டல் ஈரத்தில் கிழிந்துபோனதால் கடைசிப் பத்தியை நான் படிக்கவும் இல்லை.

எல்லோர் முன்னாலும் இதைச் செய்ய முடியுமா? பார்த்தவுடன் பெயர் சொல்லும் எம்.எஸ்ஸி. எதற்கு முழங்கையில் இலையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்பார்களே. ஆகவே குளியலறைக்குப் பின்னால், தண்ணீர்த்தொட்டி மறைவில் என் ஆராய்ச்சிக்கூடத்தைத் திறந்தேன்.

முதலாம் எண்: காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் உயரமான மரம். நேற்று இரவே தேய்த்தேன். காலையில் கை சிவந்து தடித்திருந்தது. மதியம் முழுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். "குளிருதா?" என்று தில்லை கேட்டாள். ஆமாம் என்றேன்.

இரண்டாம் எண்: கிள்ளினால் பால் வந்தது. பால் வருவதைத் தொடாதே என்று அந்தப் பட்டாளத்துக்காரர் கட்டாயம் எழுதியிருப்பார், சுண்டல் பத்தியில் போயிருக்கும். உதட்டில் வைத்த பத்தாவது நிமிடம் கீழுதடு வீங்கித் தொங்கியது. குளவி கொட்டிவிட்டது என்று சொன்னேன். சொன்னது யாருக்கும் புரியவில்லை. தில்லை சுண்ணாம்பு கேட்டு முகாம் முழுக்க அலைந்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாளில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். குளவிக்கு நன்றி.

சாயங்காலம் மூன்றாம் எண்ணை எடுத்தேன். தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கும் மரம். உள்ளங்கை அகலத்தில் மெத்தென்ற இலை, பால் இல்லை, நாற்றம் இல்லை. ஆள் பார்க்க நல்லவனாக இருக்கிறான்.

நவம்பர் 15, சனி

கை: அரிப்பு இல்லை. உதடு: நேற்றைய வீக்கமே இன்னும் இருப்பதால் புதிய தீர்ப்பு சொல்ல முடியவில்லை. நாக்கு: லேசான கசப்பு.

சமையற்கட்டிலிருந்து ஒரு சின்னப் பாத்திரமும் தீப்பெட்டியும் திருடினேன். தொட்டி மறைவில் மூன்று கல் வைத்து வேகவைத்தேன். முதல் தண்ணீர் மஞ்சளாக இறங்கியது, கொட்டினேன். மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி வேகவைத்து அதையும் கொட்டினேன். பிழிந்து ஒரு வாய். பிறகு உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தேன். இருபது வருடமாக அடுத்தவனிடம் "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா குடும்பம் என்ன ஆகும்?" என்று கேட்டுக் கேட்டுச் சம்பாதித்தவன், இன்றைக்குத்தான் அந்தக் கேள்வியை எனக்கே கேட்டுப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. பசிதான் கூடியது.

மதியம் தில்லை படுக்கையிலேயே கிடந்தாள். கூப்பிட்டால் ஒரு நொடி கழித்துத்தான் கண் திறக்கிறாள். மாத்திரையை ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு, "எம்எஸ்ஸி படிச்ச நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்றாள். எட்டு மணி நேரக் காத்திருப்பை ஐந்தாக்கினேன். சாயங்காலம் ஒரு கைப்பிடி தின்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் நன்றாக எழுந்தேன். வயிறு சுத்தம், தலை சுத்தம். பத்து மணிக்கு இரண்டு கைப்பிடி. மூன்று மணி வரை உயிரோடு இருந்தேன். போதும் என்று முடிவு செய்தேன்.

எல்லோரையும் கூப்பிட்டு மூன்றாம் எண்ணைக் காட்டினேன். "இது சாப்பிடலாம்."

"என்ன மரம் தம்பி இது?" என்று டீச்சர் கேட்டார். கணக்கு டீச்சர்கள் எப்போதும் இப்படித்தான், விடை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள்.

"அத்தி குடும்பம்" என்றேன். ஏன் அத்தி? வாயில் வந்தது. அத்தி என்றால் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தில்லை தலையை உயர்த்தி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள், பார்த்தீர்களா என்று.

கோமதிநாயகத்துக்கு நாலு நாளில் முதல் முறையாக முகத்தில் களை வந்தது. இரண்டு கூடை பறித்தார். கழுவி, ஆய்ந்து, பெரிய அண்டாவில் ஏற்றினார். ஈர விறகு, எரிய மாட்டேன் என்றது. கூட்டு இறங்கும்போது மணி ஆறரை, விளக்கு வைத்தாகிவிட்டது. "பதமா வெந்திருக்கு அண்ணாச்சி. ரெண்டு தண்ணி அலசிட்டுத்தான் தாளிச்சேன். கூட ரசமும் உண்டு" என்றார். ரசம்! பூண்டு இல்லை, தக்காளி இல்லை, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு வைத்திருந்தார். அந்த வாசனைக்கு மில்லுக்காரர் அழுதேவிட்டார்.

தில்லை கூட்டைத் தொடவில்லை. விளக்கு வைத்த பிறகு கீரை சாப்பிட மாட்டாளாம். ஊரே சாகக் கிடந்தாலும் அவள் அம்மா வீட்டுப் பழக்கம் சாகாது. நானும் கெஞ்சிப் பார்த்தேன். "நாளைக்கு மத்தியானம் சாப்பிடுறேன், இன்னைக்கு ரசம் போதும். ரசம் ஒண்ணும் பண்ணாது" என்றாள். கஞ்சியைக்கூட ஒதுக்கிவிட்டு மூன்று தம்ளர் ரசம் குடித்தாள். மற்றவர்களுக்குக் கூட்டு வயிறு நிறைய, ரசம் ஆளுக்கு ஒரு வாய்தான் மிஞ்சியது.

என்னை எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "படிப்புன்னா இது படிப்பு!" என்றார் மில்லுக்காரர். நானும் ஒரு நிமிடம் அதை நம்பினேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

தில்லை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். வெறும் வயிற்றில் ரசம் குடித்ததால் இருக்கும்.

நவம்பர் 17, திங்கள்

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

ராத்திரி ஏழெட்டு முறை வாந்தி எடுத்தாள். வெல்லத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வந்தது. விடியும்போது கண்ணைத் திறக்கவே தெம்பில்லை. குளிருக்கு அடுப்புப் பக்கம் இருக்கட்டும் என்று கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ச் சமையற்கட்டு வாசலில் போட்டோம். மில்லுக்காரருக்கும் இன்னும் இருவருக்கும் லேசாகக் குமட்டல், அவ்வளவுதான். எனக்கு ஒன்றுமே இல்லை. அதே இலையைக் கூடை கூடையாகத் தின்றவன் நான். ஒரு இலைகூடத் தொடாதவள் இவள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கோமதிநாயகம் மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "மூணு தம்ளர் குடிச்சாங்களே, அப்பவே தடுத்திருக்கணும்."

"எதை?"

"ரசத்தத்தான். கீரை வெந்த தண்ணியில வச்ச ரசமுல்லா அது."

"அந்தத் தண்ணியைக் கொட்டலையா?"

"கொட்டவா? கீரைத் தண்ணிய யாராவது கொட்டுவாங்களா அண்ணாச்சி? சத்து பூரா அதுலதான இருக்கு. முப்பது வருசத்துல நான் ஒரு சொட்டு கொட்டுனதில்ல. கொட்டணும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலையே!"

சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? பார்த்தவுடனே பெயர் தெரிந்த மரத்துக்கு எதற்கு இரண்டு தடவை தண்ணீர் மாற்றுவது? இவர் பக்கத்தில் அடுப்பு மூட்டி நான் சோதித்திருந்தால், நான் கொட்டியதைப் பார்த்து இவரும் கொட்டியிருப்பார். நான்தான் தொட்டி மறைவில் திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேனே. விஷம் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் ரசமானது. ரசம் ஒன்றும் பண்ணாது என்று தில்லை குடித்தாள்.

ஆறேகாலுக்கு டவர் திரும்பி, டீச்சரின் செல்போன் கூவியது. அணைத்து அணைத்து வைத்து அவர் காப்பாற்றிய பேட்டரி. சமையற்கட்டு வாசலில் மட்டும் ஒரு கோடு சிக்னல் வந்தது. நூற்றெட்டுக்குப் போட்டு, அவர்கள் கீழே ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தொடர்பு கொடுத்தார்கள். சின்ன வயசுப் பெண் குரல். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டு எல்லாம் சொன்னார்.

"என்ன இலைம்மா அது? பேரு தெரியுமா?"

நான் வாயைத் திறக்கும் முன் மில்லுக்காரர் குனிந்து கத்தினார். "இங்க சாரே எம்எஸ்ஸி பாட்டனி டாக்டர்! அவர் பார்த்துச் சொன்னதுதான். அத்தி குடும்பம்!"

"அத்தியா? பாட்டனி படிச்சவரே சொல்றாரா? அப்ப இலையால இருக்காது. பட்டினியில சுகர் எறங்கியிருக்கும். மாத்திரைய நிறுத்துங்க, சர்க்கரைத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க. பக்கத்து மலையில ஒரு பிரசவக் கேஸ், ஒரு டீம் அங்க போயிருக்கு. இன்னொரு டீம்தான் கையில இருக்கு, அத அவசரத்துக்கு வச்சிருக்கோம். உங்களுக்கு நாளைக்கு அனுப்புறேன்."

நாளைக்கு. தில்லையைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. மூச்சு மேலே மேலே வாங்கியது. நாளைக்கு வரை இவள் தாங்குவாளா? இத்தனை பேரில் இவளுக்கு வந்திருப்பது சர்க்கரை மட்டும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சும்மா இருந்தால் என் மானம் பிழைக்கும். அவளும் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்.

"டாக்டர்" என்றேன். "அது அத்தி இல்லை."

"அப்ப என்னது?"

"தெரியாது. எனக்கு எந்த மரமும் தெரியாது. அத்தின்னு நான் சும்மா சொன்னேன். இவ குடிச்சது அந்த இலை வெந்த தண்ணி, மூணு தம்ளர்."

"சார், நீங்க எம்எஸ்ஸிதான?"

"இல்ல. ஃபெயில். கல்யாணப் பத்திரிகையில எங்கப்பா போட்டுட்டாரு, நான் அப்படியே விட்டுட்டேன்."

டாக்டரின் குரல் மாறிவிட்டது. மளமளவென்று கேள்விகள். எத்தனை மணிக்குக் குடித்தார், மூச்சு எப்படி, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அந்த மரத்துல ஒரு கிளைய ஒடிச்சு இலையோட பையில போடுங்க. வேற யாரும் அதைத் தொடாதீங்க. டீமை இப்பவே கிளப்புறேன்" என்று வைத்தார்.

மில்லுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாங்கல்லாம் எதை நம்பி சார் தின்னோம்?"

"என்னை" என்றேன். அவர் எழுந்து வெளியே போனார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தில்லை மயக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எந்தப் பேப்பர்?"

"பிராக்டிகல்" என்றேன். "மேசையில பத்துக் கிளை வச்சிருப்பாங்க. பார்த்துப் பேரு எழுதணும். நான் ரெண்டுதான் எழுதுனேன்."

அவள் உடம்பு குலுங்கியது. சிரித்தாளா, அழுதாளா என்று பார்க்கும் முன் மறுபடி வாந்தி எடுத்தாள். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அவளே இழுத்து வைத்துக்கொண்டாள், பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால்.

பத்தரை மணிக்குத் தீயணைப்புக்காரர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் வந்தார்கள். கயிறு கட்டி, அவளை நாற்காலியில் பிணைத்து இழுத்தார்கள். நடுவில் நாற்காலி ஒரு முறை சுற்றியது. நான் முருகா என்று அலறியது கீழ்ப் பள்ளத்தாக்குவரை கேட்டிருக்கும். அடுத்து நான். "சார் எத்தனை கிலோ?" என்று கேட்டார்கள். "இப்ப எண்பத்தெட்டு இருக்கும்" என்றேன். அவர்கள் இன்னொரு கயிறு கட்டினார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

பிழைத்துக்கொண்டாள். சாமி, பிழைத்துக்கொண்டாள்.

நவம்பர் 19, புதன்

குளுக்கோஸ் ஏறுகிறது. சர்க்கரை சரியாக நிற்கிறது. கல்லீரலுக்கு ஒரு டெஸ்ட் எடுத்தார்கள், பயமில்லை என்றார்கள். இன்னும் ஆறு மணி நேரம் தள்ளியிருந்தால் சொல்ல முடியாது என்று அந்தச் சின்ன டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். படிக்கட்டில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். முகாமில் இருந்தவர்களையும் மதியம் இறக்கிவிட்டார்கள்.

தில்லை எல்லோரிடமும் பேசுகிறாள், என்னைத் தவிர. ஊசி போட வந்த நர்ஸிடம், "என்னம்மா படிச்சிருக்க?" என்று கேட்டாள். "பிஎஸ்ஸி நர்ஸிங்க்கா." "எல்லாப் பேப்பரும் பாஸா?" அந்தப் பெண் என்னைப் பார்த்து முழித்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நவம்பர் 20, வியாழன்

இன்று பேசினாள். பேசாமல் இருந்ததே மேல்.

"வாசல் போர்டுல உங்க பேரு பக்கத்துல எம்எஸ்ஸின்னு இருக்குல்ல. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தொடச்சது யாரு? நான். எங்கக்கா வீட்டுக்காரர் வெறும் பிஏன்னு எத்தனை வருசம் அவகிட்ட நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்!"

"தப்புதான் தில்லை."

"படிப்பு இல்லைன்னா நான் உங்களக் கட்டியிருக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"கட்டியிருக்க மாட்டேன்தான்" என்றாள். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஆனா ஒரு வருசத்துல சொல்லியிருந்தா, ரெண்டு நாள் சண்டை போட்டுட்டு விட்டிருப்பேன். பரீட்சைய மறுபடி எழுத வச்சிருப்பேன்."

பயந்துவிட்டேன் என்று சொன்னேன். முதல் வருடம் சொல்லப் பயம். பிறகு, ஏன் முதல் வருடமே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பயம். அப்படியே வருடம் ஓடிவிட்டது. அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 21, வெள்ளி

நாங்கள் கொண்டுவந்த கிளையை டாக்டர் நேற்றே மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தார். முப்பத்தைந்து வருடம் மரங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆளாம், பெயருக்குப் பின்னால் நாலு பட்டம். இன்று காலை பதில் வந்தது. டாக்டர் செல்போனைக் காட்டினார்: 'பூவோ காயோ இல்லாமல் இலையை மட்டும் வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மன்னிக்கவும்.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. வார்டுக்கு ஓடினேன். தில்லை எழுந்து உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். "கேட்டியா தில்லை! அந்தப் பேராசிரியருக்கே என்ன மரம்னு தெரியலையாம்! நாலு பட்டம் வாங்கினவருக்கே தெரியலை!"

அவள் சீப்பிலிருந்து முடியை எடுத்துச் சுருட்டினாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள், நாலு நாளில் முதல் முறையாக நேருக்கு நேர்.

"தெரியலைன்னு சொல்ல அவருக்கு ஒரு நாள் ஆச்சு" என்றாள். "உங்களுக்கு இருபத்து மூணு வருசம் ஆச்சு."

பசிக்கிறது, நாலு இட்லி வாங்கிட்டு வாங்க என்றாள். போனேன்.